கிளை ரயில் பாதைக்கு மின்சாரம்: கம்பியும் துணை மின்நிலையமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கிளைப்பாதையை மின்மயமாக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்துவிட்டால் பாதையோரம் குடியிருப்பவர்கள் கேட்பதெல்லாம் கம்பியைப் பற்றித்தான். கண்ணில் படுவது அதுதானே. ஆனால் அந்தப் பாதையில் எத்தனை ரயில் ஓட முடியும், மேட்டில் ஏறும்போது வண்டி திணறுமா திணறாதா, கோளாறு வந்தால் எவ்வளவு தூரத்துக்கு மின்சாரம் நின்றுபோகும் என்பதையெல்லாம் தீர்மானிப்பவை வேலிக்குள் அமைதியாக நிற்கும் சில கட்டடங்கள். அதனால் அவற்றுக்கு இங்கே கொஞ்சம் கூடுதல் இடம்.

மின்மயமாக்கல் என்றால் கம்பம் நட்டுக் கம்பி இழுப்பதுதானே?

அது பாதி வேலை. மின்சாரத்தை உயர் மின்னழுத்தக் கட்டத்திலிருந்து, அதாவது நாட்டின் பொது மின்வலையிலிருந்து வாங்க வேண்டும், ரயிலுக்கு ஏற்ற அழுத்தத்துக்கு இறக்க வேண்டும், பகுதி பகுதியாகப் பிரித்து அனுப்ப வேண்டும், ரயிலில் வேலை செய்து முடித்த மின்னோட்டத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பழைய பாலங்களின் உயரம், சிக்னல், தொலைபேசிக் கேபிள், லெவல் கிராசிங், பராமரிப்புப் பணிமனை எல்லாவற்றையும் ஒருமுறை தொட வேண்டியிருக்கும். கம்பி இழுக்கும் வண்டி ஒரே இரவில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் முடித்துவிடும். அந்த இரவு வருவதற்கு முன்னால்தான் வருடக்கணக்கான வேலை.

டீசல் இன்ஜின் நன்றாகத்தானே ஓடுகிறது? எதற்கு மாற்ற வேண்டும்?

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நாம் பார்க்கும் பெரிய டீசல் இன்ஜின்களில் பெரும்பாலானவற்றின் சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார்தான். டீசலை எரித்து, ஜெனரேட்டரைச் சுற்றி, வரும் மின்சாரத்தை மோட்டாருக்குக் கொடுக்கிறார்கள். அதாவது ஒவ்வொரு டீசல் வண்டியும் ஒரு சிறிய மின்நிலையத்தையும் அதற்கான எண்ணெய்த் தொட்டியையும் சேர்த்தே சுமந்துகொண்டு ஓடுகிறது. அந்த மின்நிலையத்தைத் தரையிலேயே வைத்துவிட்டால் அதே எடையில் இன்னும் அதிக சக்தி கிடைக்கும்.

கிளைப்பாதைக்கு இது ரொம்பவே முக்கியம். விரைவு ரயில் ஒருமுறை வேகம் பிடித்தால் நெடுந்தூரம் அப்படியே போய்விடும். உள்ளூர் ரயில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிற்கும், மறுபடி கிளம்பும். ஒவ்வொரு நிலையத்திலும் அரை நிமிடம் மிச்சமானால் பத்து நிலையத்தில் ஐந்து நிமிடம். ஒற்றைப் பாதையில் அந்த ஐந்து நிமிடம் எதிர்வண்டி காத்திருக்கும் நேரத்தையும் குறைக்கும். அப்புறம், பிரேக் போடும்போது மோட்டாரையே ஜெனரேட்டராக மாற்றி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்பலாம். டீசல் வண்டியில் அந்த ஆற்றல் சூடாகக் கரைந்துபோகிறது.

புகை அடியோடு போய்விடுமா என்றால், நடைமேடையில் போய்விடும். மின்சாரம் எதிலிருந்து வருகிறதோ அங்கே இருக்கலாம். ஆனால் அதைச் சுத்தமாக்கும் வாய்ப்பு ஒரே இடத்தில் கிடைக்கிறது.

நாளுக்கு நாலு ரயில் ஓடும் பாதைக்கு இது கட்டுப்படியாகுமா?

நாலு ரயிலை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஆகாது. கம்பியும் துணை மின்நிலையமும் ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதே செலவுதான். ஆனால் கிளைப்பாதையைத் தனியாகப் பார்ப்பது தவறு என்பது என் கருத்து. முக்கியப் பாதை முழுக்கக் கம்பி இருந்து கிளையில் மட்டும் இல்லையென்றால், சந்திப்பில் இன்ஜின் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கம்பிக்குக் கீழேயே டீசல் வண்டி முழுத் தூரமும் ஓட வேண்டும். சரக்கு வண்டிக்கு மாற்றுப்பாதையாகவும் அந்தக் கிளை உதவாது. விட்டுப்போன அந்த இடைவெளியின் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஸ்விட்சர்லாந்து இதற்கு நல்ல உதாரணம். முதல் உலகப்போரில் நிலக்கரிக்குத் தவித்த நாடு அது. மலையருவிகளில் மின்சாரம் இருந்தது. 1920-களின் தொடக்கத்தில் கோட்ஹார்ட் பாதையை மின்மயமாக்கினார்கள். பிறகு சின்னக் கிளைகளையும் விடாமல் செய்துகொண்டே போனார்கள். இன்று அங்கே கம்பியில்லாத பாதை என்பதே அபூர்வம்.

ரயில் கம்பியில் 25,000 வோல்ட் எதற்கு? குறைவாக வைத்தால் பாதுகாப்பாக இருக்காதா?

ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே விளங்கும். 4,500 கிலோவாட் சக்தியுள்ள இன்ஜின் 25,000 வோல்ட்டில் ஏறக்குறைய 180 ஆம்பியர் இழுக்கும். அதே இன்ஜின் 1,500 வோல்ட்டில் ஓடினால் 3,000 ஆம்பியர். கம்பியில் வீணாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். எனவே அழுத்தம் குறைந்தால் கம்பி தடிக்க வேண்டும், கம்பம் பலக்க வேண்டும், துணை மின்நிலையங்கள் நெருக்கமாக வர வேண்டும். பாதுகாப்பு என்று பார்த்தால் 1,500 வோல்ட்டும் உயிரைக் கொல்லும். தள்ளி நிற்பதுதான் இரண்டுக்கும் ஒரே காப்பு.

அந்தக் காலத்தில் 1,500 அல்லது 3,000 வோல்ட் டிசி (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) வைத்ததற்குக் காரணம் மோட்டார். வேகத்தை எளிதாகக் கட்டுப்படுத்த டிசி மோட்டார்தான் வசதியாக இருந்தது. 1925-ல் பம்பாயிலும் 1931-ல் சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதையிலும் வந்தது 1,500 வோல்ட் டிசிதான். இரண்டு இடங்களிலும் பின்னாளில் 25,000 வோல்ட் ஏசிக்கு (திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம்) மாற்றினார்கள்.

25,000 வோல்ட் முறை உருவானதில் கிளைப்பாதைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வரலாறு இது. சாதாரண மின்கட்டத்தின் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அலை) ஏசி மின்சாரத்தை அப்படியே ரயிலுக்குக் கொடுக்க முடியுமா என்ற கேள்வியை ஹங்கேரியப் பொறியாளர் கால்மான் காண்டோ நெடுங்காலம் விடாமல் துரத்தினார். அவரது முறையில் புடாபெஸ்ட்–ஹெகியெஷாலோம் பாதை 1930-களில் 16,000 வோல்ட்டில் ஓடியது. 1936-ல் ஜெர்மனியின் கருங்காட்டு மலையில் ஹோலென்டால் என்ற செங்குத்தான கிளைப்பாதையில் 20,000 வோல்ட் வைத்துச் சோதித்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அந்தப் பகுதி பிரெஞ்சு ஆட்சியின் கீழ் வந்தது. பிரெஞ்சுப் பொறியாளர்கள் அதை ஆராய்ந்தார்கள், தங்கள் நாட்டு சவோய் மலைப்பகுதியிலும் ஒரு கிளைப்பாதையில், ஏ-லே-பேனிலிருந்து லா ரோஷ்-சுர்-ஃபோரோன் வரை, செய்து பார்த்தார்கள். அங்கிருந்து கிளம்பிய முறைதான் 25,000 வோல்ட்டாக உலகெங்கும் பரவியது. ஹோலென்டால் பாதையே 1960-ல் சுற்றியிருந்த ஜெர்மன் பாதைகளோடு சேர்வதற்காக 15,000 வோல்ட்டுக்கு மாறிவிட்டது.

எத்தனை துணை மின்நிலையம் வேண்டும்?

25,000 வோல்ட் ஏசியில் சுமார் 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒன்று போதும். கம்பத்தின் மேல் இன்னொரு கம்பியும் இடையிடையே ஆட்டோ டிரான்ஸ்பார்மரும் (ஒரே சுருள் கொண்ட டிரான்ஸ்பார்மர்) வைத்தால் இன்னும் தள்ளி வைக்கலாம். 1,500 வோல்ட் டிசியில் பத்து கிலோமீட்டருக்கு ஒன்று என்கிற அளவில் தேவைப்படும். மேடும் அடர்த்தியான போக்குவரத்தும் இருந்தால் இந்த இடைவெளி சுருங்கும். குறுகிய கிளை என்றால் சந்திப்பிலுள்ள நிலையத்திலிருந்தே மின்சாரம் கொடுத்துவிடலாம். அப்போது கிளையில் சிறிய சுவிட்சிங் கட்டடம் மட்டும் வரும்.

இரண்டு மூன்று விதமான கட்டடம் வருகிறதே, என்ன வித்தியாசம்?

பெரியது துணை மின்நிலையம். கட்டத்திலிருந்து 110 அல்லது 132 அல்லது 220 கிலோவோல்ட் உள்ளே வரும், 25 கிலோவோல்ட் வெளியே போகும். இரண்டு நிலையங்களுக்கு நடுவில் இருப்பது பிரிப்பு நிலையம். இரு பக்கத்து மின்சாரமும் அங்கே சந்திக்காமல் நிற்கும், ஒரு பக்கம் செயலிழந்தால் மறுபக்கத்திலிருந்து நீட்டிக் கொடுக்கலாம். இவற்றுக்கிடையே சின்னதாக வருபவை உபபிரிப்பு நிலையங்கள். கோளாறு எங்கே வந்தாலும் அந்தத் துண்டை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை ஓடவிட அவை உதவுகின்றன. சின்ன அறை, நாலு சுவிட்ச் என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். இவற்றில் சிக்கனம் பிடித்த பாதையில் ஒரு மரக்கிளை விழுந்தால்கூட நெடுந்தூரம் இருண்டுபோகும்.

துணை மின்நிலையத்துக்குள்ளே என்னதான் இருக்கிறது?

வாசலைத் தாண்டியதும் காலுக்குக் கீழே ஜல்லி. அது அழகுக்குப் போட்டதல்ல. டிரான்ஸ்பார்மர் எண்ணெய் கசிந்து தீப்பிடித்தால் எண்ணெய் தேங்கி எரியாமல் ஜல்லிக்குள் இறங்கி அணைய வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. கோளாறு நேரத்தில் மின்னோட்டம் தரையில் பாயும்போது, நடப்பவரின் இரண்டு கால்களுக்கும் இடையே அழுத்த வேறுபாடு வரும். ஜல்லியின் மின்தடை அவரைக் காப்பாற்றும். அதற்கும் கீழே இரும்பாலோ செம்பாலோ ஆன பெரிய வலை புதைந்திருக்கும். அதுதான் எர்த், மின்சாரம் மண்ணுக்குள் இறங்கும் வழி.

டிரான்ஸ்பார்மர்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று ஓடும், ஒன்று காத்திருக்கும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒரு சிறிய கண்ணாடிக் குடுவை தொங்கும், உள்ளே நீல நிற மணிகள். டிரான்ஸ்பார்மர் சூடாகி ஆறும்போது அதன் எண்ணெய் விரிந்து சுருங்கும். அதாவது அது மூச்சுவிடும். உள்ளே போகும் காற்றின் ஈரத்தை அந்த சிலிக்கா ஜெல் உறிஞ்சிக்கொள்ளும். நீலம் இளஞ்சிவப்பாக மாறினால் மணிகளை மாற்ற நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது வேறு நிற மணிகளும் வருகின்றன, வேலை அதேதான். மேலே போகும் குழாயில் புக்கோல்ஸ் ரிலே என்று ஒன்று இருக்கும். 1921-ல் ஜெர்மனியில் உருவானது. உள்ளே சுருள் கருகத் தொடங்கினால் எண்ணெயிலிருந்து வாயுக் குமிழ் கிளம்பும். அதைப் பிடித்து எச்சரிக்கும், நிலைமை மோசமானால் இணைப்பையே துண்டித்துவிடும்.

கட்டடத்துக்குள் கோளாறைக் கண்டறியும் ரிலே பேனல்கள், பிரேக்கர்கள் (திறந்தால் மின்சாரத்தைத் துண்டித்து, மூடினால் சேர்க்கும் பெரிய சுவிட்சுகள்), தொலைக்கட்டுப்பாட்டுப் பெட்டி. ஓரமாக பேட்டரி அறை. மொத்த மின்சாரமும் போனாலும் பிரேக்கரைத் திறக்க ஒரு சக்தி வேண்டுமே, அதற்காக. சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும் என்பதால் அந்த அறையில் காற்று வெளியேற்றும் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த விசிறி நின்றுபோனதைக் கவனிக்காமல் விடுவது பெரிய தவறு.

ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். எங்கோ தூரத்திலுள்ள கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒருவர் திரையைப் பார்த்தபடி பிரேக்கரைத் திறந்து மூடுகிறார். பறவையோ கிளையோ பட்டு மின்சாரம் துண்டித்தால் சில நொடிகளில் பிரேக்கர் தானாகவே ஒருமுறை மூடிப் பார்க்கும். பெரும்பாலும் சரியாகிவிடும். மறுபடியும் துண்டித்தால் ஆள் போக வேண்டியதுதான்.

சில பழைய பாதைகளில் கோயில் மண்டபம் போல உயரமான செங்கல் கட்டடம் நிற்கிறதே, அதுவும் துணை மின்நிலையமா?

ஆமாம், டிசி காலத்துக் கட்டடங்கள். வரும் ஏசியை டிசியாக்க ஒருகாலத்தில் ராட்சதச் சுழலும் இயந்திரங்கள் வேண்டியிருந்தன. அவற்றைத் தூக்கி வைக்க மேலே கிரேன், வெப்பம் வெளியேற உயரமான ஜன்னல், இரவு பகலாகப் பார்த்துக்கொள்ள ஆட்கள். பிறகு பாதரச ரெக்டிஃபையர் வந்தது. பெரிய கண்ணாடிக் குடுவைக்குள் பாதரசத்தின் மேல் ஒளிப்பொட்டு ஓயாமல் அலைந்துகொண்டிருக்கும், நீலமும் ஊதாவுமாக வெளிச்சம் துடிக்கும். ரயில் கிளம்பும்போது அந்த வெளிச்சம் பளிச்சென்று கூடும். அறைக்குள் இருப்பவருக்கு வெளியே எட்டிப் பார்க்காமலே ரயில் வந்தது தெரியும். 1960-களில் சிலிக்கான் வந்ததும் மண்டபமே தேவைப்படாத அளவுக்கு எல்லாம் சுருங்கிவிட்டது.

இவற்றை அவசரப்பட்டு இடிக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பாதரசம், ஆஸ்பெஸ்டாஸ், பழைய எண்ணெய் ஆகியவற்றை முறைப்படி அகற்ற வேண்டும், அதில் சமரசம் இல்லை. ஆனால் சுவர்கள் பெரும்பாலும் நூறு வருடம் தாங்கும்படி கட்டியவை. இடித்தே ஆகவேண்டும் என்றால் உள்ளிருக்கும் பேனல், பெயர்ப்பலகை, கிரேன் எல்லாவற்றையும் அளந்து படமெடுத்து வைத்துவிட்டாவது இடிக்கட்டும்.

பக்கத்தில் வீடு இருக்கிறது. சத்தமும் காந்தப்புலமும் பாதிக்குமா?

சத்தம் உண்டு. 50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்பார்மர் 100 ஹெர்ட்ஸில் ரீங்காரமிடும், குளிர்விசிறி ஓடினால் அதுவும் சேரும். பகலில் தெரியாது, நடுநிசியில் தெரியும். கட்டுவதற்கு முன்பே கேட்டால் டிரான்ஸ்பார்மரை வீடுகளுக்கு எதிர்ப்பக்கம் தள்ளி, நடுவில் தீத்தடுப்புச் சுவரையோ கட்டடத்தையோ கொண்டுவர முடியும். கட்டிய பிறகு கேட்டால் கடினம். ஆகவே வரைபடம் மக்கள் பார்வைக்கு வரும்போதே போய்ப் பாருங்கள்.

காந்தப்புலம் தூரத்தோடு வேகமாகக் குறையும். பொதுமக்களுக்கு 50 ஹெர்ட்ஸில் 200 மைக்ரோடெஸ்லா என்பது 2010-ன் சர்வதேச வழிகாட்டு அளவு. வேலிக்கு வெளியே வழக்கமாக அதைவிடப் பல மடங்கு குறைவாகவே இருக்கும். சந்தேகமிருந்தால் அளந்து காட்டச் சொல்லலாம், அது நியாயமான கோரிக்கை.

ஓடும் ரயிலில் சில நொடி குளிர்சாதனமும் விளக்கும் அணைகிறதே?

நடுநிலைப் பகுதியைக் கடக்கிறீர்கள். மின்கட்டத்தில் மூன்று ஃபேஸ் (ஒன்றுக்கொன்று முன்பின்னாக ஓடும் மூன்று மின்னலைகள்), ரயில் கம்பியில் ஒன்றுதான். ஒரே ஜோடி ஃபேஸிலிருந்து எல்லா நிலையங்களும் எடுத்தால் கட்டத்தின் சமநிலை கெடும். அதனால் ஒரு நிலையம் ஒரு ஜோடியிலும் அடுத்தது வேறு ஜோடியிலும் எடுக்கும். இரண்டும் கம்பியில் தொட்டுக்கொள்ளக் கூடாது என்பதால் நடுவில் மின்சாரமில்லாத ஒரு துண்டு. லோகோ பைலட் பிரேக்கரைத் திறந்துவிட்டு, வந்த வேகத்திலேயே கடந்து, மறுபடி மூடுவார். அங்கே வண்டி நின்றுபோனால் சிக்கல். அதனால்தான் இதைச் செங்குத்தான மேட்டிலோ சிவப்பு சிக்னலுக்காக நிற்க நேரும் இடத்திலோ வைக்க மாட்டார்கள்.

கோடை வெயிலில் கம்பி தொய்யாதா?

தொய்யும், விட்டால். செம்பு ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு 0.017 மில்லிமீட்டர் நீளும். 750 மீட்டர் கம்பி, காலைக்கும் மதியத்துக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால் 38 சென்டிமீட்டர். அதற்காகத்தான் கம்பி முடியும் கம்பத்தில் கப்பி வைத்து எடைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கு மூன்று என்ற கப்பியாக இருந்தால் எடை ஒரு மீட்டருக்கு மேல் இறங்கும். காலையில் ஒருமுறையும் மதியம் ஒருமுறையும் அதே கம்பத்தைப் பாருங்கள், எடை இடம் மாறியிருக்கும். இன்னொன்று: நேர்ப்பாதையிலும் கம்பி நேராகப் போகாது. கம்பத்துக்குக் கம்பம் 20 சென்டிமீட்டர் அளவில் இடமும் வலமும் மாறி மாறிப் போகும். நேராக இழுத்தால் பான்டோகிராஃபின் (ரயில் கூரையிலிருந்து கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கை) கார்பன் பட்டையில் ஒரே இடத்தில் தேய்ந்து பள்ளம் விழுந்துவிடும்.

பழைய பாலங்களை எல்லாம் இடிப்பார்களா?

எல்லாவற்றையும் அல்ல. பாதைக்கு மேலே போகும் பாலத்துக்கு அடியில் கம்பிக்கு இடம் வேண்டும், அவ்வளவுதான். பாலத்தைத் தூக்கலாம், தண்டவாளத்தைத் தாழ்த்தலாம். வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் ஒரு பாலத்தின் அடியில் மின்காப்புப் பூச்சு பூசி, மின்னெழுச்சித் தடுப்பான்களும் (திடீரென எகிறும் மின்னழுத்தத்தை அடக்குபவை) வைத்து இடிக்காமலே சமாளித்தார்கள். ஆனால் இந்த வழிகளை ஆராயாமல் முதலிலேயே இடிக்கக் கிளம்பும் திட்டங்களைக் கேள்வி கேட்க வேண்டும். பாலம் மூடினால் ஊரின் போக்குவரத்து மாதக்கணக்கில் தவிக்கும்.

சிக்னலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ரயில் எங்கே நிற்கிறது என்பதைத் தண்டவாளத்தில் சிறு மின்னோட்டம் விட்டுத்தான் பல பாதைகளில் கண்டுபிடிக்கிறார்கள். திரும்பிவரும் பெரிய மின்னோட்டமும் அதே தண்டவாளத்தில்தான். இரண்டும் குழம்பக் கூடாது என்பதால் சர்க்யூட்டை மாற்றுவார்கள், அல்லது சக்கர அச்சை எண்ணும் கருவி வைப்பார்கள். பாதையோரத் தொலைபேசிக் கம்பிகளும் மண்ணுக்குள் கேபிளாகப் போய்விடும்.

பேட்டரி ரயில் வந்துவிட்ட பிறகு கம்பி எதற்கு?

நல்ல கேள்வி. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் 2023 முதல் பேட்டரி ரயில்கள் ஓடுகின்றன. கம்பி உள்ள இடத்தில் சார்ஜ் ஆகி, இல்லாத இடத்தைப் பேட்டரியில் கடக்கின்றன. தெற்கு வேல்ஸில் பாலத்துக்கு அடியில் மட்டும் கம்பிக்கு மின்சாரம் கொடுக்காமல், அந்த இடத்தைப் பேட்டரியில் தாண்டுகிறார்கள். குறைந்த போக்குவரத்துள்ள பயணிகள் கிளைக்கு இது நியாயமான வழி. சரக்கு ஓடும் பாதைக்கு, மலையேறும் பாதைக்கு நான் கம்பியையே சொல்வேன். அப்புறம், பேட்டரி ரயிலுக்கும் சார்ஜ் செய்ய எங்கோ ஒரு துணை மின்நிலையம் வேண்டும்.

கட்டத்தில் மின்சாரம் போனால் எல்லா ரயிலும் நின்றுவிடுமா?

ஒரு நிலையம் போனால் பக்கத்து நிலையம் பிரிப்பு நிலையம் வழியாக நீட்டிக் கொடுக்கும். வண்டிகள் கொஞ்சம் மெதுவாகவும் இடைவெளி விட்டும் ஓடும். பெரிய பரப்பில் கட்டமே விழுந்தால் நிற்கத்தான் செய்யும். அப்போது இழுத்துப்போக சில டீசல் இன்ஜின்களைப் பராமரித்து வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

கம்பி வந்த பிறகு பாதையோரம் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். 25,000 வோல்ட் காற்றிலேயே தாவும். உடலோ கையிலிருக்கும் பொருளோ கம்பியிலிருந்து இரண்டு மீட்டருக்குள் போகக் கூடாது என்பது பல ரயில்வேக்களின் விதி, சிலவற்றில் இன்னும் அதிகம். நின்றிருக்கும் சரக்குப் பெட்டியின் மேல் ஏறுவது, நீண்ட இரும்புக் குழாயை நிமிர்த்திப் பிடித்தபடி பாதையைக் கடப்பது, மேம்பாலத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவது, கம்பியில் மாட்டிய பட்டத்தை இழுப்பது, நான்குமே உயிர்போகும் காரியங்கள். லெவல் கிராசிங்கில் சாலைக்குக் குறுக்கே உயரத் தடுப்பு வைத்திருப்பார்கள். வைக்கோல் வண்டியோ லாரியோ அதில் இடித்தால் திரும்பிப் போய்விடுங்கள், குனிந்து நுழையப் பார்க்காதீர்கள்.

மின்சாரம் ஏற்றும் தேதியை முன்கூட்டியே அறிவிப்பார்கள். அந்தத் தேதியிலிருந்து ரயிலே ஓடாத நாளிலும், நள்ளிரவிலும், அறுந்து தரையில் கிடந்தாலும் கம்பியில் மின்சாரம் இருக்கிறது என்றே நடந்துகொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அந்தத் தேதிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அறுந்த கம்பியைப் பார்த்தால் யாரையும் நெருங்க விடாமல் தூரத்தில் நின்று ரயில் நிலையத்துக்கோ கேட் கீப்பருக்கோ தகவல் சொல்லுங்கள். எர்த் கொடுத்து முடித்துவிட்டோம் என்று மின்பிரிவுப் பணியாளர் வந்து சொல்லும்வரை கிட்டே போக வேண்டாம்.